சொல்லிக் கொடுத்த பதில்கள்

அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஒரு கம்பெனியில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, பழைய கார் ஒன்றை வாங்கி, பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக்கைப் பொருத்தி, தனி ஆளாகப் பள்ளி நடத்திவந்தார். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. பழகுகிறவர் எதையாவது சொதப்பினால் தன் பக்கத்து பிரேக்கை மெல்ல அழுத்திவிட்டு, "பரவாயில்ல, வண்டி நம்மள மன்னிச்சிருச்சு" என்பார். அதனாலேயே பயந்த சுபாவம் உள்ளவர்கள், முக்கியமாகப் பெண்கள், அவரைத் தேடி வந்தார்கள்.

அவர் மனைவிக்கு டீச்சர் என்று பேர். எந்தப் பள்ளியிலும் வேலை பார்த்தவள் அல்ல. சாயங்காலங்களில் வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தே அந்தப் பெயரைச் சம்பாதித்தாள். எந்தக் கேள்வி வரும், எது வராது என்று மோப்பம் பிடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. மண்டையில் ஒன்றுமே ஏறாது என்று பெற்றவர்கள் கைகழுவிய பிள்ளையைக்கூட எப்படியோ உருட்டிப் பிரட்டிக் கரை சேர்த்துவிடுவாள். மாஸ்டரும் வீட்டில் அவளை "டீச்சர்" என்றே கூப்பிடுவார். முதலில் கேலிக்குத்தான் ஆரம்பித்தார், அப்புறம் அதுவே நிலைத்துவிட்டது.

மாஸ்டருக்கு எழுபது நெருங்கும்போது சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் பிசக ஆரம்பித்தன. சட்டைப் பொத்தானை ஓட்டையோடு சேர்க்க ரொம்ப நேரம் ஆனது. மாடிப்படியில் கடைசிப் படி எங்கே முடிகிறது என்று காலால் துழாவினார். ஒரு நாள் தெளிவாக இருந்து அரசியல் பேசுவார். மறுநாள் கண் திறந்திருக்கும், ஆள் எங்கோ இருப்பார். தூக்கத்தில் கையைக் காலை உதறி அவளை உதைத்தார். பிறகு ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் வராந்தாப் பக்கம் கையைக் காட்டி, "அந்தப் புள்ள எவ்வளவு நேரமா நிக்குது, உள்ள வந்து உக்காரச் சொல்லேன்" என்றார். வராந்தாவில் காயப்போட்ட துணிதான் இருந்தது.

டீச்சர் எட்டிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை என்றாள். சிவப்புச் சட்டை போட்ட பையன் என்றார் அவர். அவள் போய் வராந்தாக் கதவைச் சாத்திவிட்டு வந்து, அடித் தொண்டையில் சொன்னாள்: "இதெல்லாம் வெளிய யார்கிட்டயும் சொல்லி வைக்காதீங்க. சிரிப்பாங்க."

சிரிப்பார்கள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். கீழ் வீட்டுக்காரியின் மாமியார் புத்தி தடுமாறிப் படிக்கட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்த காலத்தில், அந்தக் கட்டடமே அந்தம்மாவுக்கு 'மறை கழண்ட கேஸ்' என்று பேர் வைத்திருந்தது. டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறாள். அந்தச் சிரிப்பு தன் வீட்டு வாசலுக்கு வந்துவிடக் கூடாது என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்ற கவலை அதற்குப் பிறகுதான் வந்தது. இதைப் பின்னால் நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் கூசும்.

அன்றிலிருந்து மாஸ்டர் வண்டி எடுக்கும்போதெல்லாம் அவளும் பின் இருக்கையில் ஏறிக்கொண்டாள். கேட்டவர்களிடம், வீட்டுக்குள்ளேயே கிடந்தால் மூச்சு முட்டுகிறது, காற்று வாங்க வருகிறேன் என்றாள். சந்திப்பில் அவர் தயங்கினால், தனக்குத்தானே பேசுகிறவள் போல, "இப்படித்தானே திரும்பணும்" என்பாள். பழகுகிறவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. வயதான காலத்தில் என்ன ஒட்டுதல் பார் என்று ஒருத்தி மெச்சிக்கூடப் பேசினாள்.

மகனை ஏமாற்ற முடியவில்லை. அதே ஊரில் தனியாகக் குடியிருந்தவன் அவன். ஒரு நாள் வந்தபோது அப்பா செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, ஏன் கடிக்கிறது என்று தெரியாமல் நடப்பதைப் பார்த்தான். ஒன்றும் பேசாமல் போனவன், நினைவாற்றல் பரிசோதனை செய்யும் டாக்டரம்மா ஒருவரிடம் நேரம் வாங்கிவிட்டுத்தான் போன் செய்தான். டீச்சர் சண்டை போட்டாள். நன்றாக இருக்கிற மனுஷனை நோயாளி ஆக்குகிறாய் என்றாள். அவன் விட்டுக்கொடுக்கவில்லை.

சரி, பரீட்சை என்றால் பரீட்சை என்று அவள் கீழே இறங்கிப் போனாள். கீழ் வீட்டுக்காரியின் மாமியாரையும் அதே ஆஸ்பத்திரியில்தான் காட்டியிருந்தார்கள். அங்கே என்னென்ன கேட்பார்கள் என்று, சும்மா பேச்சுவாக்கில் விசாரிப்பது போலக் கேட்டாள். பரிசோதனை நடந்தபோது மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் கீழ் வீட்டுக்காரிக்கு எல்லாம் மனப்பாடமாக இருந்தது. என்ன தேதி, என்ன கிழமை, எந்த மாடி. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். ஐந்து வார்த்தை சொல்வார்கள், கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு கடிகாரம் வரைந்து முள் வைக்க வேண்டும். அந்த ஐந்து வார்த்தைகளையும் அவள் சொன்னாள்: நாற்காலி, எலுமிச்சை, சாவி, ஆறு, போர்வை.

அன்று சாயங்காலமே பாடம் ஆரம்பமானது. பிள்ளைகள் போன பிறகு, அதே பாயில் மாஸ்டரை உட்காரவைத்தாள். வார்த்தைகளை ஒரு கதையாகக் கோத்துக் கொடுத்தாள். நாற்காலியில உக்காந்து எலுமிச்சை பிழிஞ்சேன், சாவி ஆத்துல விழுந்துச்சு, தேடி எடுத்துட்டு வந்து போர்வை போத்திக்கிட்டேன். மாஸ்டர் சிரித்தார். ஆற்றில் விழுந்த சாவியை எவன் எடுத்தான் என்று கேட்டார். ஆனால் சொல்லிவிட்டார். நினைவு அவருக்கு அவ்வளவு மோசமில்லை. கடிகாரம்தான் வரவே மாட்டேன் என்றது. வட்டம் போடுவார். எண்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து குவிந்துவிடும். முள் வட்டத்துக்கு வெளியே நிற்கும். அவள் அழிக்கச் சொல்லுவாள். மறுபடி போடுவார். ஒரு நாள் அவள் பொறுமையிழந்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட இதைச் செய்யும் என்று சொல்லிவிட்டாள். மாஸ்டர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடி எடுத்தார். முதலில் மேலே பன்னிரண்டு, நேர் கீழே ஆறு, அப்புறம் பக்கங்களில் மூன்றும் ஒன்பதும் என்று அவள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்துக் கொடுத்தாள். அதைக் கையில் ஏற்ற வாரக்கணக்கானது.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அவருக்கு நல்ல நாள். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி இருந்தார். லிப்டுக்குள் நின்று கிழமையையும் தேதியையும் இன்னொரு முறை ஒப்பித்தார். உள்ளே ஒரு பயிற்சி டாக்டர் அவரைத் தனியே உட்காரவைத்துக் கேள்விகளைக் கேட்டாள். அதே கேள்விகள், அதே ஐந்து வார்த்தைகள்.

அந்த நேரத்தில் பெரிய டாக்டரம்மா டீச்சரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். இந்தப் பகுதிக்கு டீச்சர் தயாராக வரவில்லை. கீழ் வீட்டுக்காரி இதைச் சொல்லவில்லை. சட்டை அவரே போட்டுக்கொள்கிறாரா என்றார் டாக்டரம்மா. போட்டுக்கொள்கிறார் என்றாள். ஒரு நாள் தெளிவும் ஒரு நாள் குழப்பமுமாக இருக்கிறாரா? அப்படியெல்லாம் இல்லை. தூக்கத்தில் கத்துவது, உதறுவது? இல்லை. டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார். "இல்லாத ஆளையோ, பிராணியையோ, குழந்தையையோ பார்த்ததா எப்பவாவது சொல்லியிருக்காரா? பலர் இதைச் சொல்லக் கூச்சப்படுவாங்க. சொன்னா எனக்கு உதவியா இருக்கும்."

டீச்சர் அவர் கண்ணைப் பார்த்தே சொன்னாள்: "சேச்சே, அந்த மாதிரியெல்லாம் ஒண்ணும் கிடையாதும்மா."

மாஸ்டர் நல்ல மதிப்பெண்ணே வாங்கியிருந்தார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்து, இப்போதைக்குப் பயப்பட ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம், நடுவில் ஏதாவது மாற்றம் தெரிந்தால் உடனே வாருங்கள் என்றார் டாக்டரம்மா. வெளியே வந்ததும் மாஸ்டர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பாஸா?" பாஸ் என்றாள். மகன் அசடு வழிய நின்றான். நான்தான் தேவையில்லாமல் பயந்துவிட்டேன் என்று அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டான். அவள் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், போகப் போக அவளே அந்த முடிவை நம்ப ஆரம்பித்துவிட்டாள். விடையை எழுதிக் கொடுத்ததும் அவள்தான், அதைப் பார்த்து நிம்மதி அடைந்ததும் அவள்தான். ஆஸ்பத்திரியே சொல்லிவிட்டது, இனி என்ன என்று இருந்தாள். வராந்தாப் பையனைப் பற்றியும் மாஸ்டர் பேசுவதை நிறுத்தியிருந்தார். போய்விட்டான் என்று எடுத்துக்கொண்டாள். பிள்ளைகளுக்குப் பரீட்சைக் காலம் வந்தது. காலையிலும் பாடம் வைக்க வேண்டியிருந்தது. பின் இருக்கையில் ஏறுவதை விட்டுவிட்டாள்.

அந்தச் சமயத்தில் மாஸ்டரிடம் பழகிக்கொண்டிருந்தவள் சலவைக் கடையில் துணி தேய்க்கும் ஒருத்தி. நாற்பதை ஒட்டிய வயது. கடைக்கு ஒரு சின்ன வேன் வாங்கப்போகிறார்கள், ஓட்டக் கற்றுக்கொண்டால் வீடு வீடாகத் துணி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை உனக்கே தருகிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். நாள் முழுக்கச் சூட்டில் நின்று இஸ்திரி போடுகிறவளுக்கு அது விடுதலை மாதிரி. பயந்து பயந்து, ஆனால் ஒரு நாள் தவறாமல் வந்தாள்.

ஒரு காலை, மேம்பாலத்தில் ஏறி இறங்கும் இடத்தில், அவள் ஒழுங்காகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் திடீரென்று "புள்ள, புள்ள" என்று அலறித் தன் பக்கத்து பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தார். பின்னால் வந்த பால் வண்டி நேராக வந்து மோதியது. கார் சுழன்று தடுப்புச் சுவரில் இடித்து நின்றது. மாஸ்டருக்குச் சிராய்ப்புதான். அவளுக்கு முன்கை எலும்பு முறிந்தது. நெற்றியில் தையல் போட்டார்கள்.

டீச்சர் பதறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே சலவைக் கடைக்காரியின் அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். குழந்தை எதுவும் ரோட்டில் இருந்ததாக யாரும் சொல்லவில்லையே, மாஸ்டருக்குக் கண்ணில் ஏதாவது கோளாறா என்று நேராகக் கேட்டாள். டீச்சருக்கு ஒரு கணத்தில் எல்லாம் விளங்கியது. சிவப்புச் சட்டை, வராந்தா, டாக்டரம்மாவின் நிதானமான குரல். வாயைத் திறந்தவள், "அவருக்கு ஒண்ணும் இல்லீங்க, போன மாசம்தான் எல்லா டெஸ்டும் எடுத்தோம்" என்றாள். நாக்கு தானாகவே சொல்லிவிட்டது. போலீஸ்காரர்கள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். பழகுகிற வண்டி என்றால் பழகுகிறவர் தடுமாறியிருப்பார் என்றுதானே யாருக்கும் தோன்றும். அப்படியே முடிந்தது.

இரண்டு வாரம் போலப் போயிருக்கும். கதவு தட்டும் சத்தம் கேட்டு டீச்சர் திறந்தாள். கையில் மாவுக்கட்டோடு சலவைக் கடைக்காரி நின்றாள். மற்ற கையில் ஒரு பை நிறையப் பழம். மாஸ்டரைப் பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்றாள். டீச்சருக்கு உள்ளே வா என்று சொல்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

மாஸ்டர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அன்று அவருக்கு நல்ல நாள் இல்லை. வந்தவள் உட்காரவில்லை. பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்த பிள்ளை மாதிரி அவர் முன்னால் நின்றாள்.

"மாஸ்டர், நான் பாக்கவே இல்ல மாஸ்டர். ரோட்டைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். இருந்தும் அந்தக் குழந்தை என் கண்ணுல படல. நீங்க மட்டும் பிரேக் போடலன்னா ஒரு குழந்தைய நான் ஏத்திக் கொன்னுருப்பேன். தூங்கவே முடியல. இனிமே வண்டியத் தொட மாட்டேன். உங்களுக்கு அடிபட்டதுக்கு மன்னிச்சிருங்க."

மாஸ்டருக்கு அவள் யாரென்றே தெரியவில்லை என்பது டீச்சருக்குத் தெரிந்தது. ஆனால் அழுகிற பெண் ஒருத்தி எதிரே நிற்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. வாய் பழகிய வார்த்தையைத் தானாகச் சொன்னது. "பரவாயில்லம்மா, வண்டி நம்மள மன்னிச்சிருச்சு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் காலைத் தொடாத குறை. டீச்சர் அந்தப் பழப் பையை வாங்கி மேசைமேல் வைத்தாள். வாசல்வரை போய் வழியனுப்பினாள். உடம்பைப் பார்த்துக்கொள் என்றுகூடச் சொன்னாள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியவளுக்கு, கூடத்தில் நடக்கக்கூடக் கூச்சமாக இருந்தது. யாரோ தன்னைப் பார்த்துக்கொண்டே இருப்பது போலிருந்தது. அன்று பாடத்துக்கு வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினாள். பழங்களை அவளால் தொட முடியவில்லை. மாஸ்டர் ஒன்றை எடுத்து உரித்து, பாதியை அவளிடம் நீட்டினார். அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மகனைக்கூடக் கூப்பிடாமல் தனியாக டாக்டரம்மாவிடம் போனாள். வரிசையில் காத்திருந்து, கடைசி ஆளாக உள்ளே நுழைந்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கேள்விகளை விசாரித்தது, பாயில் உட்காரவைத்துப் பழக்கியது, கடிகாரம், சிவப்புச் சட்டைப் பையன், சொன்ன பொய்கள், கை முறிந்த பெண்.  முடிந்ததும் டாக்டரம்மா நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் டீச்சர் போயிருந்தாள். திட்டினால் கொஞ்சம் பாரம் குறையும் என்ற ஆசையும் இருந்தது. டாக்டரம்மா திட்டவில்லை. எல்லோருக்கும் ஒரே தாளை வைத்தது எங்கள் தப்பும்தான் என்றார். வார்த்தைகளைக் கேட்டபோது மாஸ்டர், சாவி ஆத்துல விழுந்துச்சு என்று சொன்னாராம். நல்ல உத்தி என்று பயிற்சி டாக்டர் குறித்து வைத்திருந்தாளாம். தானும் அதைப் பார்த்துவிட்டுக் கடந்துபோனேன் என்றார். "ஆனா தாள் எங்களுக்குப் பாதிதான். கூட இருக்கறவங்க சொல்றதுதான் மீதிப் பாதி. அதை நீங்க மறைச்சிட்டீங்க." அவ்வளவுதான் சொன்னார். டீச்சருக்கு அது போதுமானதாக இருந்தது.

இந்த முறை மகனும் கூட வந்தான். வேறு தாள், வேறு வார்த்தைகள். ஸ்கேன் எடுத்தார்கள். நடையையும் கைவிரல் அசைவையும் பார்த்தார்கள். டீச்சர் எதையும் விடாமல் சொன்னாள். மறதி நோய் என்று பொதுவாகச் சொல்வதிலேயே இது ஒரு வகை, இதற்கு லூயி பாடி என்று பெயர் என்றார் டாக்டரம்மா. இல்லாததைப் பார்ப்பதும், நாளுக்கு நாள் மாறுவதும், தூக்கத்தில் உதறுவதும், கோடு வட்டம் பிசகுவதும் இதன் குணங்கள். முழுக்கக் குணமாகாது. மாத்திரையால் கொஞ்சம் தெளிவு வரும். சண்டித்தனம் செய்கிறார் என்று நீங்களாக ஏதாவது தூக்க மருந்தோ மனநோய் மருந்தோ வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், சிலது இந்த நோய்க்காரர்களை ஒரேயடியாகப் படுக்கவைத்துவிடும், அதனால்தான் சரியான பெயர் தெரிய வேண்டியிருந்தது என்றார். இனி வண்டி கூடவே கூடாது என்றார்.

மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று தெளிவாக இருந்தார். திரும்பி வரும்போது டாக்ஸியில் மெதுவாகப் பேசினார்.

"அந்தப் பையன் போகவே இல்ல டீச்சர். நீ கோவப்படுவேன்னு நான்தான் சொல்லல."

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு என்னமோ ஆயிருச்சுன்னு எனக்குத் தெரியும். நீ அவ்வளவு பாடுபட்டு சொல்லிக் குடுத்தே. பெயிலானா உனக்கு அசிங்கம்னு நெனச்சேன்."

முன் இருக்கையில் இருந்த மகன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவன் தோள் அசைவதை அவள் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் அவளோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவன் அவன். அதற்கு அப்புறமும் ரொம்ப நாள் பேசவில்லை. வருவான், அப்பாவைக் குளிப்பாட்டுவான், காரை விற்கிற வேலையைப் பார்ப்பான், போவான். அம்மாவிடம் கேட்க வேண்டியதைச் சுவரைப் பார்த்துக் கேட்பான்.

வீட்டில் அவள் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருந்தது. ஆஸ்பத்திரியிலேயே சனிக்கிழமைகளில், நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக ஒரு கூட்டம் நடந்தது. டாக்டரம்மா வற்புறுத்தியதால் போனாள். அங்கே ஒரு நர்ஸ் அவளிடம் முதலில் சொன்னது, அவரைக் கேள்வி கேட்பதை நிறுத்துங்கள் என்பதுதான். நான் யார் சொல்லுங்கள், இது என்ன சொல்லுங்கள், இப்போதுதானே சாப்பிட்டீர்கள் ஞாபகம் இல்லையா என்று கேட்பதெல்லாம் அவருக்குத் தினம் தினம் பரீட்சை. தெரியவில்லை என்று ஒவ்வொரு தடவையும் தலைகுனிய வைக்கிறோம். பதிலை நீங்களே சொல்லிவிடுங்கள் என்றாள் அந்த நர்ஸ். வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்டே பிழைத்தவளுக்கு இது சுலபமாக வரவில்லை. பாதியில் நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

பையன் தெரிகிறான் என்று அவர் சொன்னால், இல்லை என்று மல்லுக்கட்ட வேண்டாம் என்றார்கள். எனக்குத் தெரியவில்லை, ஆனால் நான் பக்கத்தில்தான் இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னார்கள். வராந்தாவில் துணி காயப்போடுவதை நிறுத்தி, நல்ல வெளிச்சமாக ஒரு விளக்குப் போட்டாள். பையன் வருவது குறைந்தது. படிகளின் ஓரத்தில் மகன் பட்டையாக வெள்ளை அடித்தான். பொத்தான் சட்டைகளுக்குப் பதில் தலைவழியாகப் போடுகிற பனியன்கள் வந்தன. கீழ் வீட்டுக்காரியிடம் டீச்சர் தானாகவே போய்ச் சொன்னாள், அவருக்கும் உங்கள் மாமியாருக்கு வந்த மாதிரிதான் என்று. உங்கள் மாமியாரைப் பார்த்து நானும் சிரித்தவள்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். கீழ் வீட்டுக்காரி, தெரியும் என்றாள். இருந்தாலும் டீச்சர் கடைக்குப் போகும் நேரங்களில் மாஸ்டருக்குத் துணையாக வந்து உட்கார்ந்தாள்.

சலவைக் கடைக்காரியிடம் போவதைத்தான் அவள் தள்ளிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகனை அப்பாவோடு இருக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ஒற்றை அறை வீடு. சலவைக் கடைக்காரி வாசலிலேயே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கட்டுப் பிரித்த கை இன்னும் முழுதாக மடங்கவில்லை, ஒரு கையால்தான் தேய்த்தாள். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து, மாஸ்டர் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள்.

"அங்க குழந்தையே இல்லம்மா" என்றாள் டீச்சர்.

அவளுக்குப் புரியவில்லை. டீச்சர் முழுவதையும் சொன்னாள். அவருக்கு வந்திருக்கும் நோயைச் சொன்னாள். முன்பே தெரிந்தும் டாக்டரிடம் மறைத்ததைச் சொன்னாள். நீ பழம் கொண்டுவந்த அன்றும் எனக்குத் தெரியும் என்றாள். சலவைக் கடைக்காரி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். குழாயை மூடினாள்.

"கண்ண மூடினா ஒரு குழந்தை வருது. முகம் இல்லாம வருது. எத்தன நாளா தெரியுமா" என்றாள்.

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வீட்ல எல்லாரும் என்னத்தான் சொல்றாங்க. உனக்கு எதுக்கு இந்த வேலைன்னு. உள்ள வாங்க. எங்கம்மா முன்னாடி இன்னொரு தடவை சொல்லுங்க."

உள்ளே அம்மாவும் கணவனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சர் நின்றபடி இன்னொரு தடவை சொன்னாள். முதல் தடவை சொன்னதைவிட அது கஷ்டமாக இருந்தது. அம்மாக்காரி, அன்னிக்கு ஆஸ்பத்திரியில உங்களைத்தானே கேட்டேன் என்றாள். ஆமாம் என்றாள் டீச்சர். கணவன் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து வெளியே போனான். யாரும் கத்தவில்லை. அவர்கள் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அதோடு விடவில்லை. முதலாளியிடமும் வந்து சொல்ல வேண்டும் என்றாள் சலவைக் கடைக்காரி. மறுநாள் கடையில், நீராவிக்கும் இஸ்திரிப் பெட்டிச் சூட்டுக்கும் நடுவில், வேலை செய்கிறவர்கள் எல்லோரும் கேட்க, டீச்சர் மூன்றாவது முறை சொன்னாள். முதலாளி தாடையைச் சொறிந்துகொண்டார். வேனுக்கு வேறு ஆள் போட்டாயிற்றே, பார்க்கலாம் என்றார். அது நடக்காத காரியம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. சலவைக் கடைக்காரி டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தன் மேசைக்குத் திரும்பினாள். முறிந்த கை பலமில்லாமல் இருந்ததால் துணியை முழங்கையால் அழுத்திப் பிடித்து, மற்ற கையால் தேய்க்க ஆரம்பித்தாள். டீச்சர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மாஸ்டர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எங்கே போயிருந்தாய் என்று கேட்டார். முன்பானால் கடைக்கு என்று சொல்லியிருப்பாள். அவர் எதிரில் உட்கார்ந்து, ஒருத்தரைப் பார்த்து மன்னிப்புக் கேட்கப் போயிருந்தேன் என்றாள்.

"எதுக்கு?"

"ஒரு பொண்ணுக்கு அடிபட்டுருச்சு. கார்ல."

"அடப் பாவமே." அவர் முகம் வாடியது. "யார் மேல தப்பு?"

"என் மேலதாங்க."

மாஸ்டர் யோசித்தார். தொழிலில் எத்தனையோ மோதல்களைப் பார்த்தவர். "அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"சொல்ல மாட்டாங்க" என்றார் மாஸ்டர். "வலி இருக்கும்ல. நீ அதுக்காகப் போகாம இருந்துராத. போய்ப் பாத்துட்டே இரு."

சரி என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனாள். சலவைக் கடைக்காரி கதவைத் திறந்து, அவளை உள்ளே கூப்பிடாமல், வாசலிலேயே நின்று மாஸ்டரைப் பற்றி மட்டும் விசாரித்தாள். டீச்சர் வாசலில் நின்றே பதில் சொல்லிவிட்டு வந்தாள்.